அப்பாவை கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க தண்ணியும் நிழலும் கேளுங்க

"டாக்டர், ஜூன்ல அஞ்சு நாள் லீவு போட்டு, காரை எடுத்துக்கிட்டு ஊர் ஊரா கிரிக்கெட் கிரவுண்ட் பார்க்கலாம்னு இருக்கோம். அப்பாவும் வர்றேன்னு அடம் பிடிக்கிறார். சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்குவார்."

கோடை வந்தா என் ஓ.பி.யில இந்தக் கேள்வி ஏதோ ஒரு ரூபத்துல வந்துடும். சில பேருக்கு கிரிக்கெட், சில பேருக்கு குலதெய்வம் கோயில், சில பேருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி கல்யாணம். கேட்கிறவங்க எதிர்பார்க்கிற பதில் "வேண்டாம்". நான் சொல்ற பதில் "கூட்டிட்டுப் போங்க".

ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான திரெட். டீ எடுத்து வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கையை எடுத்துடுவோம். வயசானவர் வீட்டுல இருந்தா வெயில்ல இருந்து பத்திரம்னு நாம நினைக்கிறோம். 2003 ஆகஸ்ட்ல பிரான்ஸ்ல அடிச்ச வெப்ப அலையில வழக்கத்தை விடக் கூடுதலா சுமார் 15,000 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் வயசானவங்க. அவங்கள்ல நிறைய பேர் வீட்டுக்குள்ள, தனியா இருந்தவங்க. பிள்ளைங்க லீவுக்கு ஊருக்குப் போயிருந்த மாசம் அது. நம்ம ஊர்ல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டுல மதியம் 3 மணிக்கு ஃபேனைப் போட்டுப் பாருங்க, அடுப்பு ஊதுற மாதிரி இருக்கும். அந்த வீட்டுல அப்பாவைத் தனியா விட்டுட்டு நீங்க மட்டும் மேட்ச் பார்க்கப் போறதுதான் எனக்கு ஆபத்தாத் தெரியுது. கூட வந்தா, உங்க கண்ணு முன்னாடி இருப்பார்.

அமெரிக்காவுல இதை ஒரு சடங்கு மாதிரியே பண்றாங்க. மேஜர் லீக் பேஸ்பால்ல 30 டீம் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொந்த மைதானம். கோடை லீவுல அப்பாவும் பையனும், இல்ல ரெண்டு பழைய ஃபிரெண்ட்ஸ், காரை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு மைதானமா பார்த்து முடிப்பாங்க. சில பேர் அதுக்குன்னே பத்து இருபது வருஷம் எடுத்துக்குவாங்க. அங்கயும் வெயில் இருக்கு. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் டீமுக்கு 1994ல கட்டின திறந்தவெளி மைதானம் நல்லாத்தான் இருந்தது. ஆனா அந்த வெயில்ல ஜனங்களால உக்கார முடியலை. 26 வருஷத்துல அதை விட்டுட்டு, 2020ல கூரை போட்ட புது மைதானத்துக்கே மாறிட்டாங்க. ஃபீனிக்ஸ்ல 1998லயே திறந்து மூடுற கூரையும் ஏ.சி.யும் வச்சாங்க. பணக்கார நாடு, நம்மால அது முடியாது, சரி. ஆனா பார்க்க வர்றவங்களோட உடம்பையும் மைதானத்தோட கணக்குல சேர்த்தாங்க பாருங்க, அதுக்குப் பணம் தேவையில்லை.

போன கோடையில நானும் எங்க பெரியப்பாவும் அப்படி ஒரு சுத்து போயிட்டு வந்தோம். அப்பாவோட அண்ணன். வயசு 67. காட்டூர்க்காரர். மீஞ்சூர் தாண்டிப் போனா வருமே, பழவேற்காடு ஏரிப் பக்கம், அந்தக் காட்டூர். முப்பத்தஞ்சு வருஷம் ஏரியிலயும் கடல்லயும் வலை போட்டவர், இப்ப முட்டி வலியால கரையில இருக்கார். சுகர் 14 வருஷமா. பிரஷருக்கு ரெண்டு மாத்திரை, அதுல ஒண்ணு நீர் மாத்திரை. கிரிக்கெட்னா உசுரு. டிரான்சிஸ்டரை பாலித்தீன் பையில கட்டி படகுல தொங்கவிட்டுக்கிட்டு கமெண்டரி கேட்டவர். ஆனா சேப்பாக்கத்தைத் தாண்டி வேற ஒரு கிரவுண்டையும் நேர்ல பார்த்ததில்லை.

வழி இதுதான்: காட்டூர்ல இருந்து மீஞ்சூர், திருவொற்றியூர், ராயபுரம்னு இறங்கி சேப்பாக்கம். அங்கிருந்து வாழப்பாடி பக்கத்துல இருக்கிற சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம். அப்புறம் சின்னப்பம்பட்டி. கோயம்புத்தூர்ல ஸ்ரீராமகிருஷ்ணா காலேஜ் கிரவுண்ட். நத்தத்துல என்.பி.ஆர். காலேஜ் கிரவுண்ட். கடைசியா திருநெல்வேலி தாழையூத்து சங்கர் நகர்ல இந்தியா சிமெண்ட்ஸ் கிரவுண்ட். டி.என்.பி.எல். டி.வி.யில பார்க்கிறவங்களுக்கு இந்த எல்லாப் பேரும் தெரிஞ்சிருக்கும். போக வர 1,500 கிலோமீட்டருக்கு மேல. ஒரே ஒரு மைதானத்துல மேட்ச் பார்த்தோம். மத்ததெல்லாம் சும்மா போய் நின்னு பார்த்துட்டு வந்ததுதான். சிலதை கேட்டுக்கு வெளிய நின்னே பார்த்தோம். பெரியப்பாவுக்கு அதுவே போதும்.

டாக்டரா எனக்கு சுவாரசியமா இருந்தது என்னன்னா, ஒவ்வொரு ஊர்லயும் வெயில் உடம்பை வேற மாதிரி தொடுது.

சேப்பாக்கம் கடலோரம். மதியத்துக்கு மேல கடக்காத்து வந்தா சூடு ரெண்டு டிகிரி குறையும், ஆனா காத்துல ஈரம் ஏறும். வேர்வை காய்ஞ்சாத்தான் உடம்பு குளிரும். ஈரக் காத்துல வேர்வை காயாது, சும்மா வழியும். சட்டை நனையும், உடம்பு குளிராது. 1986 செப்டம்பர்ல இங்க நடந்த இந்தியா ஆஸ்திரேலியா டெஸ்ட் ஞாபகம் இருக்கா? டெஸ்ட் வரலாற்றுலயே ரெண்டாவது டை. அதுல டீன் ஜோன்ஸ் 330 பால் ஆடி 210 அடிச்சார். வயசு 25. முழு ஃபிட். எட்டு மணி நேரத்துக்கு மேல கிரீஸ்ல நின்னார். நடுவுல மைதானத்துலயே வாந்தி எடுத்தார், கை கால் இழுத்துக்கிச்சு. வெளிய போறேன்னவரை கேப்டன் ஆலன் பார்டர் சீண்டிவிட்டு திரும்ப ஆட வச்சார். அவுட்டானதுக்கு அப்புறம் ஆஸ்பத்திரியில டிரிப்ஸ். நாம இதை வீரக் கதையா சொல்றோம். மருத்துவக் கண்ணுல பார்த்தா அது வெப்பத் தளர்ச்சி முத்திப் போன ஒரு கேஸ், வயசும் அதிர்ஷ்டமும் காப்பாத்திச்சு. (அதே மேட்ச்ல கிரெக் மேத்யூஸ் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பத்து விக்கெட் எடுத்தார். வீட்டுல முயற்சி பண்ண வேண்டாம்.)

வாழப்பாடி தலைகீழ். சுத்தி மலை, வறண்ட காத்து. காட்டூர் ஆளுக்கு அங்க போனதும் சந்தோஷம். "இன்னாம்மா இது, வேர்வையே இல்ல, ஜிலுஜிலுன்னு கீது"ன்னார். வேர்வை இல்லாம இல்ல. வந்த வேகத்துல காஞ்சுடுது, அதனால தெரியலை. கடலோரத்துல சட்டை நனையறதைப் பார்த்து தண்ணி குடிச்சுப் பழகினவங்களுக்கு உள்நாட்டுல அந்த எச்சரிக்கை கிடைக்காது. தாகத்தை நம்பாதீங்க, வயசானா தாகம் எடுக்கிறதும் மந்தமாகும். சிறுநீர் நிறத்தைப் பாருங்க. வெளிர் மஞ்சளா இருந்தா சரி. டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்தா ரொம்ப லேட்.

சின்னப்பம்பட்டி, நடராஜன் ஊரு. டென்னிஸ் பால் ஆடிக் கிளம்பி 2020-21 ஆஸ்திரேலியா டூர்ல மூணு ஃபார்மட்லயும் அறிமுகமானவர். தன் ஊர்லயே ஒரு கிரவுண்ட் கட்டி 2023 ஜூன்ல தினேஷ் கார்த்திக்கை வச்சுத் திறந்தார். பெரியப்பா அங்கதான் ரொம்ப நேரம் நின்னார். ஒண்ணும் பேசலை. கார்ல ஏறினதும், "நம்ம பசங்களுக்கும் ஒண்ணு இருந்தா"ன்னு ஆரம்பிச்சு முடிக்காம விட்டுட்டார்.

கோயம்புத்தூர்ல ஜூன் மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. அங்க எனக்கு வேலையே இல்லை. திருநெல்வேலியிலயும் காத்து பலமா அடிக்கும், ஆனா அது சூட்டுக் காத்து. "காத்து வருதே"ன்னு வெயில்ல நின்னா, உடம்புல இருக்கிற தண்ணியை உறிஞ்சிட்டுப் போயிடும்.

ஒவ்வொரு கிரவுண்டுலயும் பெரியப்பா பிட்ச்சை அப்புறம்தான் பார்ப்பார். முதல்ல காத்து எந்தப் பக்கம், 4 மணிக்கு நிழல் எங்க விழும்னு பார்ப்பார். படகுக்காரர் புத்தி. பிட்ச்சை எல்லா ஊர்லயும் ஏறக்குறைய வடக்கு தெற்காத்தான் போடுவாங்க, சாயங்கால வெயில் பேட்ஸ்மேன் கண்ணுல அடிக்கக் கூடாதுன்னு. ஆடுறவர் கண்ணுக்கு இவ்வளவு யோசிச்சவங்க, கிழக்குப் பக்கம் உக்காந்து மேற்கு வெயிலை மூஞ்சியில வாங்குறவங்களைப் பத்தி யோசிக்கலை. டிக்கெட் வாங்கும்போது மேற்குப் பக்க ஸ்டாண்டா கேட்டு வாங்குங்க. நூறு ரூபா கூட ஆனாலும் பரவாயில்லை.

இப்ப மேட்ச் பார்த்த மைதானத்துக்கு வர்றேன். எதுன்னு சொல்லப் போறதில்லை, எல்லா இடத்துக்கும் பொருந்தும். மூணேகால் மணி மேட்ச். கேட்டுல தண்ணி பாட்டிலை வாங்கிப் போட்டுட்டாங்க. பாதுகாப்பு விதி, எறிஞ்சுடுவாங்களாம், புரியுது. உள்ள தண்ணி விக்கிற இடத்துல நீள வரிசை. பக்கத்துல உக்காந்திருந்த என் பெரியப்பா கொடுத்த தண்ணியை வாயை நனைச்சுக்கிட்டு கீழ வச்சார். "குடிங்க பெரியப்பா." "வேணாம்மா, குடிச்சா போவணும்." கழிப்பறை எங்கன்னா, நாலு பிளாக் தள்ளி, இருபது படி இறங்கி. முட்டி வலி. புராஸ்டேட் வேற. நீர் மாத்திரை வேற.

ஒரு நிமிஷம் இதை யோசிங்க. 67 வயசு மனுஷன், 37 டிகிரியில, தண்ணி கையில இருந்தும் குடிக்காம உக்காந்திருக்கார். காரணம் வெயிலும் இல்ல, சுகரும் இல்ல. கழிப்பறைக்குப் போற வழி. பொம்பளைங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். பஸ் பயணம், கல்யாண மண்டபம், கட்சி மாநாடுன்னு எல்லா இடத்துலயும் காலையில இருந்து தண்ணி குடிக்காம இருந்து பழகினவங்க நாம.

ரெண்டாவது இன்னிங்ஸ்ல அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துச்சு. படிக்கட்டுக்குக் கீழ நிழல்ல உக்கார வச்சு, பையில இருந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைச்சு மெதுவா குடிக்க வச்சேன். அரை மணி நேரத்துல எழுந்து, "ஸ்கோர் இன்னா"ன்னார். நல்லபடியா முடிஞ்சது. பையில ஓ.ஆர்.எஸ்.சும் பக்கத்துல ஒரு டாக்டரும் இல்லாத பெரியப்பாக்கள் அந்த ஸ்டாண்ட்ல எத்தனை பேர் இருந்திருப்பாங்க?

மிகைப்படுத்துறேன்னு நினைக்காதீங்க. 2024 அக்டோபர் 6, மெரினாவுல விமானப்படை சாகச நிகழ்ச்சி. சேப்பாக்கத்துல இருந்து நடக்கிற தூரம். வெயிலும் நெரிசலும் சேர்ந்து அஞ்சு பேர் உயிர் போச்சு. அதுக்கு முந்தின வருஷம், 2023 ஏப்ரல் 16, நவி மும்பை கார்கர்ல திறந்தவெளியில ஒரு விருது விழா. 14 பேர் இறந்தாங்க. யாரும் மலை ஏறலை, மராத்தான் ஓடலை. உக்காந்து பார்த்தவங்க. அந்த 2024லயே தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். நல்ல விஷயம். ஆனா செத்ததுக்கு அப்புறம் 4 லட்சம் கொடுக்கிறதை விட, சாகிறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணி மலிவு.

முடியாததும் இல்லை. 2023 உலகக் கோப்பையில எல்லா மைதானத்துலயும் பார்வையாளர்களுக்கு இலவசக் குடிநீர்னு கிரிக்கெட் வாரியமே அறிவிச்சது. உலகக் கோப்பைக்குக் கொடுக்க முடிஞ்சது லீக் மேட்சுக்கும் முடியணும். பாட்டிலைக் கேட்டுல வாங்கினா, ஒவ்வொரு பிளாக்குலயும் குழாய் வைக்கிறது உங்க கடமை. வரிசையில நிக்க வைக்காதீங்க. கழிப்பறையைப் படி இறங்காத இடத்துல வைங்க. மதிய மேட்ச்னா கூரை இல்லாத ஸ்டாண்டுக்கு டிக்கெட் விக்காதீங்க, இல்ல மேல துணியாவது கட்டுங்க. ஆம்புலன்ஸ் பிளேயர்ஸுக்கு நிக்குது, ஸ்டாண்டுக்கும் ஒண்ணு நிக்கட்டும். டிக்கெட் வாங்கின நீங்க இதையெல்லாம் வாய் திறந்து கேளுங்க. நாம கேட்கலைன்னா, நமக்கு வேண்டாம்னுதான் அர்த்தம் எடுத்துக்குவாங்க.

சரி, கிளம்புறவங்களுக்கு, ஓ.பி.யில சொல்றதை இங்கயும் சொல்லிடறேன்.

நீர் மாத்திரை, இல்லைன்னா சர்க்கரையைச் சிறுநீர்ல வெளியேத்துற டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுக்கிறவங்க, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி உங்க டாக்டரைப் பாருங்க. நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா குறைக்காதீங்க. இதய வீக்கம், கிட்னி பிரச்சனை இருக்கிறவங்களுக்குத் தண்ணி அளவே வேற. அவங்களும் கேட்டுட்டுத்தான் போகணும்.

இன்சுலினை நிறுத்தின கார்ல வச்சுட்டுப் போகாதீங்க. கண்ணாடி ஏத்தின காருக்குள்ள 50 டிகிரியைத் தாண்டும், மருந்து வீரியம் போயிடும். குளிர்பை இல்லைன்னா ஈரத்துணி சுத்தின சின்ன மண்பானை போதும்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை காரை நிறுத்தி அஞ்சு நிமிஷம் நடக்க வைங்க. கால்ல ரத்தம் உறையாம இருக்க. நெடுஞ்சாலையில நல்ல கழிப்பறை இருக்கிற இடத்தைப் பார்த்து நிறுத்துங்க, அப்பத்தான் தண்ணி குடிப்பாங்க.

ஓ.ஆர்.எஸ்.னா மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற, உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்ட பொடிதான். அட்டைப்பெட்டியில பழச்சுவையோட வர்ற இனிப்புத் தண்ணி இல்ல. ஹைதராபாத் குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கா போராடினதுல, அந்த மாதிரி பானங்கள்ல ஓ.ஆர்.எஸ்.ங்கிற பேரைப் போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுச்சு. பொடி கிடைக்கலைன்னா ஒரு லிட்டர் தண்ணியில ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலை தட்டி அளந்து போடுங்க. சுகர் இருக்கிறவருக்கும் உடம்பு தண்ணி இழந்த நேரத்துல இதைக் கொடுக்கலாம், பயப்படாதீங்க. வெயிலுக்குன்னு நாள் முழுக்க குடிக்கிறதுக்கு இல்ல; அதுக்கு வெறும் தண்ணி, மோர்.

தலைவலி, வாந்தி, கால் இழுக்கிறது வரைக்கும் நிழலும் தண்ணியும் ஓய்வும் போதும். ஆனா ஆள் குழறிப் பேசினாலோ, சம்பந்தமில்லாம கோபப்பட்டாலோ, மயங்கினாலோ, உடம்பு அனலாக் கொதிச்சாலோ அது வெப்பவாதம். 108க்கு ஃபோன் பண்ணுங்க, வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்காம குளிர வைங்க. சட்டையைக் கழட்டி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி, நாலு பேர் விசிறுங்க. கழுத்து, அக்குள், தொடையிடுக்குல ஐஸ். மயக்கத்துல இருக்கிறவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க. பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது. சுகர்காரர் குழறினா அது சர்க்கரை இறங்கினதாவும் இருக்கலாம், குளுக்கோமீட்டர் பையில இருக்கட்டும்.

கடைசியா எங்க ஊர்ப் பக்கத்துப் பசங்களுக்கு.

கோடையில ஏரி வத்தும்போது ஓரத்துல தரை தெரியும். அங்கயும், சவுக்குத்தோப்புக்கு வெளிய மணல்லயும் நீங்க ஸ்டம்ப் நட்டு டோர்னமெண்ட் நடத்துறீங்க. எட்டு டீம், பதினாறு டீம். ஒரே நாள்ல முடிக்கணும்னு காலையில ஆரம்பிச்சு மதியம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஆடுறீங்க. கீழ உப்பு மணல், மேல சூரியன், நடுவுல 16 வயசுப் பையன் வெறும் கால்ல ஃபீல்டிங் நிக்கிறான். பார்க்க வந்த தாத்தாவுக்கு ஒரு ஓலைக் கீத்து கூட இல்ல. பெரியப்பா என்கிட்ட சொன்னது: "நாங்க விடியக்காலம் போயி வெயில் ஏறுறதுக்குள்ள கரை சேந்துருவோம். இதுங்க வெயில் ஏறுனப்புறம்தான் ஆட்டத்தையே ஆரம்பிக்குதுங்க."

ஜப்பான்ல கோஷியன்னு ஒரு பள்ளிக்கூட பேஸ்பால் போட்டி. ஆகஸ்ட் வெயில்ல நடக்கும். நம்ம ஊர்ல ஐ.பி.எல். எப்படியோ அங்க அது அப்படி. மைதானத்துக்கே நூறு வயசாச்சு. அவ்வளவு பழைய போட்டியில 2023ல இன்னிங்ஸுக்கு நடுவுல 10 நிமிஷம் உடம்பைக் குளிர வைக்கிற இடைவேளை கொண்டு வந்தாங்க. 2024ல சில நாள் ஆட்டங்களைக் காலையும் சாயங்காலமுமா பிரிச்சு நடுமதியத்தைக் காலியா விட்டாங்க.

பழவேற்காடு ஏரியில யார் எந்த இடத்துல எந்த நாள் வலை போடணும்னு முறை வச்சு, பாடுன்னு பேர் வச்சு, தலைமுறை தலைமுறையா பிரிச்சுக்கிறவங்க இருக்கிற பக்கம் இது. உங்களுக்கு எட்டு மேட்சை ரெண்டு நாளாப் பிரிக்கத் தெரியாதா?

ஆறு மணிக்கு டாஸ் போடுங்க. பத்தரைக்கு ஸ்டம்பைப் பிடுங்குங்க. மறுபடி நாலு மணிக்கு நடுங்க. மிச்சம் இருந்தா மறுநாள் காலை. முதல் பரிசுல ஆயிரம் ரூபா குறைச்சு ஒரு ஷாமியானா, ரெண்டு கேன் தண்ணி, பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்குங்க. இந்தக் கோடைக்கு நோட்டீஸ் அடிக்கும்போது பரிசுத் தொகைக்குக் கீழ, "பந்தல், குடிநீர் வசதி உண்டு. பெரியவங்க வரலாம்"னு ஒரு வரி சேருங்க. அந்த நோட்டீஸை எனக்கு அனுப்பினா நானே ஷேர் பண்றேன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் என் செலவு.